கணக்கில் பணம் இருக்கிறது, கல்லாவில் இல்லை: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பொதுத்துறை வங்கியொன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் பெரும்பகுதியைக் காவிரிப் படுகையின் கிளைகளில் காசாளராகவும், பின்னர் கரன்சி செஸ்ட் எனப்படும் பணப்பெட்டகத்தின் பொறுப்பாளராகவும் கழித்தேன். அறுவடைக் காலத்துப் பணத் தட்டுப்பாடு குறித்தும் கைப்பேசி வழிப் பணம் செலுத்துவது குறித்தும் வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நன்னிலம் அருகே ஒரு விவசாயி): சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டதில் ஒன்றரை லட்சம் ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. வங்கிக்குப் போனால், "இன்றைக்கு 20,000 வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைத் திங்கட்கிழமை பார்க்கலாம்" என்கிறார்கள். என் பணத்தை எனக்குத் தர வங்கியில் பணம் இல்லையா?

பதில்: பணம் இருக்கிறது, அந்தக் கிளையில் அன்றைக்கு நோட்டு இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை ஒரு சிறிய கணக்கில் காட்டிவிடலாம். ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாளொன்றுக்கு 40 கிலோ சிப்பம் 1,000 பிடித்தால் அது 400 குவிண்டால். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்குத் தமிழக அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்பதால், அந்த ஒரு நிலையத்தின் ஒரு நாள் வரவு 10 லட்சம் ரூபாய். சுற்றிலும் பத்து நிலையங்கள் உள்ள ஒரு கிராமக் கிளையின் கணக்குகளில், தை மாசியில் நாளுக்கு ஒரு கோடி ரூபாய்கூட ஏறக்கூடும். கணக்கில் ஏறுவதற்கு ஒரு மின்னணுப் பதிவு போதும். அதை 500 ரூபாய் நோட்டாகக் கொடுக்க வேண்டுமானால் 20,000 நோட்டுகள், அதாவது 200 கட்டுகள், எங்கிருந்தாவது வண்டியில் வந்து சேர வேண்டும்.

நோட்டு நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு அச்சகங்களில் அச்சாகி, ரிசர்வ் வங்கியின் அலுவலகங்கள் வழியாகச் சில குறிப்பிட்ட கிளைகளில் உள்ள கரன்சி செஸ்டுகளுக்கு வருகிறது. செஸ்டில் இருக்கும் நோட்டு ரிசர்வ் வங்கியின் இருப்பாகவே கணக்கில் கொள்ளப்படும். அந்த வங்கி அதற்குக் காவலர் மட்டுமே. சாதாரணக் கிளை எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்பதற்கு, காப்பீட்டையும் பாதுகாப்பையும் கருதி ஓர் உச்சவரம்பு உண்டு. கூடுதலாகச் சேர்ந்தால் செஸ்டுக்கு அனுப்பிவிட வேண்டும். குறைந்தால் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கிளை கேட்கும் அதே வாரத்தில் செஸ்டோடு இணைந்த மற்றக் கிளைகளும் கேட்கும் என்பதால், கேட்டதில் பாதிகூட வராத நாள்கள் உண்டு. செஸ்ட் பொறுப்பில் இருந்தபோது ஒருவருக்குப் பாதியும் இன்னொருவருக்குக் காலும் பிரித்துக் கொடுத்து, இரண்டு மேலாளர்களிடமும் பேச்சு வாங்கியவன் நான்.

பழைய நாளில் இந்த நெருக்கடியைப் பெருமளவு தாங்கிப் பிடித்தவர்கள் ஊர்க் கடைக்காரர்கள். நீங்கள் காலையில் எடுத்த பணம் மாலையில் உரக்கடையிலும் மளிகைக் கடையிலும் சேர்ந்து, மறுநாள் காலை அதே கிளையின் கல்லாவுக்கு வைப்பாகத் திரும்பிவிடும். அதை எண்ணி, கிழிந்ததைப் பிரித்தெடுத்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுப்போம். இன்று கடைக்காரரின் வரவில் பெரும்பகுதி யுபிஐ வழியாகக் கணக்குக்குக் கணக்கு போய்விடுகிறது. அவர் ரொக்கம் கட்ட வருவதே அரிதாகிவிட்டது. ஆனால் நடவு ஆள்களுக்கும், வெளியூரிலிருந்து வரும் அறுவடை இயந்திர ஓட்டுநருக்கும், சுமை தூக்குவோருக்கும் ரொக்கம் கேட்கும் விவசாயி வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறார். ரொக்கமில்லாப் பரிமாற்றம் பெருகுவதால் நோட்டுத் தேவை அந்த அளவுக்குக் குறையும் என்று எல்லோரும் எண்ணுகிறோம். கிராமக் கிளையிலோ தேவை குறைவதைவிட வேகமாக வைப்பு குறைகிறது. என் பார்வையில் இன்றைய தட்டுப்பாட்டுக்கு இதுவே முதன்மையான காரணம். மேலிடத்துக் கூட்டங்களில் இதைச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை, குறித்துக்கொள்ளவும் இல்லை.

கேள்வி (அதே விவசாயி): அப்படியானால் 20,000 என்று வரம்பு விதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா?

பதில்: உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கிளையில் நேரில் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு இன்று எதுவும் இல்லை. பணமதிப்பு நீக்கத்தின்போது வாரத்துக்கு 24,000 ரூபாய் என்றிருந்த கட்டுப்பாடு, 2017 பிப்ரவரியில் 50,000 ஆக உயர்ந்து, மார்ச் 13 அன்று முற்றிலும் நீங்கிவிட்டது. இப்போது கிளை சொல்வது ஒரு வேண்டுகோள் மட்டுமே. பெரிய தொகை வேண்டுமானால் இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் மேலாளரும் செஸ்டிடம் அழுத்திக் கேட்க முடியும். அதற்குப் பின்னும் இழுத்தடித்தால் வங்கியிடம் எழுத்துப் புகார் கொடுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒன்றரை லட்சத்தில் உரக்கடைப் பாக்கியும் டிராக்டர் வாடகையும் எவ்வளவு? அவர்களுக்குக் கணக்கிலேயே அனுப்பிவிட்டால், நீங்கள் ரொக்கமாகக் கேட்க வேண்டிய தொகை பாதிக்கும் கீழே வந்துவிடலாம்.

கேள்வி (மன்னார்குடியில் உரக்கடை நடத்துபவர்): அந்தப் பாக்கியை யுபிஐயில் வாங்கினால் வரி அலுவலகம் என் கணக்கை எடுத்துவிடும் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். கட்டணமும் பிடிப்பார்களாமே?

பதில்: வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தப்படும் யுபிஐ தொகைக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் கிடையாது. பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை பிடிப்பார்கள், அது வேறு.

வரியைப் பொறுத்தவரை, அது விற்றுமுதலுக்கு உரியது. பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கு உரியதன்று. 2025 ஜூலையில் கர்நாடகத்தின் சிறு வணிகர்கள் பலருக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி அறிவிப்பு வந்ததும், சிலர் கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டியதும் உண்மையே. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதலைக் கடந்தால் பதிவு தேவை என்ற விதி ரொக்கத்துக்கும் சேர்த்துத்தான். உரக்கடை நடத்தும் நீங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பதிவு பெற்றவராகவே இருப்பீர்கள் என்பதால், இந்த அச்சம் உங்களுக்குப் பொருந்தாது. கணக்குப் புத்தகம் வைக்காமல் உத்தேச முறையில் வருமான வரி கட்டும் சிறு வணிகருக்கோ, வங்கி வழி வரவில் 6 விழுக்காடும் ரொக்க வரவில் 8 விழுக்காடும் இலாபமாகக் கொள்ளப்படுகின்றன. எனவே யுபிஐ அங்கே ஆதாயமே. ஆனால் கடை வரவையும் வீட்டு வரவையும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலக்காதீர்கள். மைத்துனர் அனுப்பிய கைமாற்றையும் விற்பனை என்று சேர்த்து, பிறகு அது விற்பனையன்று என்று மெய்ப்பிக்க அலைவது பெரும் தொல்லை.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, மகளிர் குழு உறுப்பினர்): மாதம் 15ஆம் தேதி உரிமைத்தொகை 1,000 ரூபாய் ஏறுகிறது. ஏடிஎம்மில் 500 ரூபாய் நோட்டு மட்டுமே வருகிறது. கடையில் சில்லறை இல்லை என்கிறார்கள். வங்கியின் சார்பில் ஊரிலேயே பணம் தரும் முகவரான வங்கி மித்ராவிடம் எடுக்கப் போனால் என் கைரேகை பதிவதில்லை.

பதில்: ஏடிஎம்மில் நோட்டு வைக்கும் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 2,500 நோட்டுகள் கொள்ளும். அதில் 500 ரூபாய் நோட்டை அடுக்கினால் பன்னிரண்டரை லட்சம். 100 ரூபாய் நோட்டை அடுக்கினால் இரண்டரை லட்சம். வண்டியும் காவலரும் அடிக்கடி வர வேண்டியிருக்கும் என்பதால்தான் சிறு நோட்டைத் தவிர்க்கிறார்கள். இதைச் சரிசெய்ய, 75 விழுக்காடு ஏடிஎம்கள் 2025 செப்டம்பர் 30க்குள்ளும், 90 விழுக்காடு ஏடிஎம்கள் 2026 மார்ச் 31க்குள்ளும், குறைந்தது ஒரு பெட்டியிலாவது 100 அல்லது 200 ரூபாய் நோட்டு வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் ஊர் ஏடிஎம்மில் அது நடக்கவில்லையென்றால் குழுவின் பெயரில் கிளைக்கு ஒரு மனு கொடுங்கள். தனி ஒருவர் கேட்பதைவிடக் குழு கேட்டால் மேலாளர் எழுந்து நின்று பேசுவார். இதை நான் நாற்காலியின் அந்தப் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன்.

கைரேகைச் சிக்கல் சேற்றில் உழைப்பவர்கள் அனைவருக்கும் பொதுவானது. நாற்றுப் பறித்து நடும் விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது. ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பத்து விரல்களில் எது நன்றாகப் பதிகிறது என்று கேட்டு அதையே வையுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்க மறவாதீர்கள். "பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்று சொல்லி இரண்டு முறை எடுத்த சம்பவங்களை நான் விசாரித்திருக்கிறேன்.

கேள்வி (வேதாரண்யம்): எல்லாம் கைப்பேசியில் என்றாகிவிட்டது. கஜா புயல் போல இன்னொன்று வந்தால் என்ன செய்வது?

பதில்: இது எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா உங்கள் கரையைக் கடந்தபின், மின்கம்பங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் சாய்ந்து, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இருளில் இருந்தன. ஏடிஎம் ஓடவில்லை, கிளைகளும் தொடர்பின்றி நின்றன. ஜெனரேட்டரில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவே காசு கேட்டார்கள். அந்தக் காசும் நோட்டாகத்தான் வேண்டியிருந்தது. அதனால் ஐப்பசி பிறக்கும்போதே, பத்துப் பதினைந்து நாள் குடும்பச் செலவுக்கான ரொக்கத்தை 100, 50, 20 ரூபாய் நோட்டுகளாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய் நோட்டாக வைப்பதில் பயனில்லை. புயலுக்கு மறுநாள் எந்தக் கடையிலும் மீதிச் சில்லறை கிடைக்காது.

கேள்வி (பட்டுக்கோட்டை): ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. பன்னிரண்டு நாளாகிறது.

பதில்: பரிமாற்ற நாளிலிருந்து 5 நாள்களுக்குள், நீங்கள் கேட்காமலேயே வங்கி அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடைக்குச் செலுத்திய யுபிஐ தொகை கழிந்தும் கடைக்காரருக்கு உறுதி வராமல் போனால் அதற்கும் இதே 5 நாள் கணக்கு; தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் ஒரே நாள். 2019 செப்டம்பரில் வந்த விதி இது. ஆறு ஆண்டுகள் கடந்தும் இழப்பீட்டைத் தாமாகக் கொடுக்காத கிளைகள் இருக்கின்றன, எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (பாபநாசம், ஓய்வு பெற்ற ஆசிரியர்): என்னிடம் பொத்தான் கைப்பேசிதான் இருக்கிறது. யுபிஐ எனக்கு இல்லையா?

பதில்: உண்டு, ஐயா. *99# என்று அழுத்தி இணையமில்லாமலேயே பணம் அனுப்பலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே முறையில் குரல் அழைப்பு வழியாகவும் அனுப்பலாம். கிளையில் பதிவுசெய்த எண்ணும் ஏடிஎம் அட்டையும் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பணம் பெறுவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை. "ஓய்வூதிய நிலுவை வரப்போகிறது, எண்ணை அழுத்துங்கள்" என்று எவர் சொன்னாலும் அவர் திருடர். ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல், அந்த மணி நேரத்திலேயே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி (கும்பகோணம், வெற்றிலைக் கடை): பத்து ரூபாய் நாணயம் செல்லுமா, செல்லாதா?

பதில்: செல்லும். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே தெளிவுபடுத்திவிட்டது. நீங்கள் வாங்க மறுக்கும் நாணயம்தான் உங்களுக்கே சில்லறைத் தட்டுப்பாடாகத் திரும்பி வருகிறது.

கேள்வி (திருவாரூர், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்): 2016இல் எங்களைத் தவிக்கவிட்டதை மறக்க முடியவில்லை. இனி நோட்டே இல்லாமல் போகுமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அந்த ஆண்டு மேட்டூர் அணையைச் செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. அந்தச் சம்பாவுக்கு உரம் போட வேண்டிய நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. 14ஆம் தேதி முதல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் அவற்றை வாங்கவும் கூடாது என்றார்கள். விவசாயிக்கு மிக நெருக்கமான கதவைத்தான் முதலில் சாத்தினார்கள். என் கவுண்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் வங்கியில் கணக்கே இல்லை.

ஆனால் நோட்டு ஒழிந்துவிடவில்லை. அன்று ஏறத்தாழ 18 லட்சம் கோடியாக இருந்த புழக்கம், 2024 மார்ச்சில் 35 லட்சம் கோடியைத் தொட்டுவிட்டது. அதே 2024இல் யுபிஐயில் ஏறத்தாழ 17,200 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. இரண்டும் சேர்ந்தேதான் வளர்கின்றன. டீக்கடையில் யுபிஐ, நெல் வயலில் நோட்டு.

கேள்வி (திருவையாறு): பாட்டியின் பெட்டியில் மூன்று 2,000 ரூபாய் நோட்டும் ஆறு பழைய 500 ரூபாய் நோட்டும் கிடைத்தன. என்ன செய்யலாம்?

பதில்: 2,000 ரூபாய் நோட்டு 2023 மே 19இல் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டாலும் சட்டப்படி இன்னும் செல்லத்தக்கதே. சாதாரணக் கிளையில் வாங்கமாட்டார்கள். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம், அல்லது அஞ்சலகம் வழியாக அனுப்பி உங்கள் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். அடையாளச் சான்றின் நகலையும் கணக்கு விவரத்தையும் உடன் வையுங்கள். பழைய 500 ரூபாய் நோட்டுக்கு இனி மதிப்பில்லை. பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. ஆறுதான் என்பதால் பாட்டியின் நினைவாகப் பெட்டியிலேயே இருக்கட்டும்.