க்ளோசபின்: ரத்தம் சரி, வயிறு?

கேள்வி: மனச்சிதைவு உள்ள என் தம்பிக்கு இரண்டு மருந்து மாற்றியும் கேட்காமல், மூன்று மாதமாக க்ளோசபின் கொடுக்கிறார்கள். இப்போது ஆள் தெளிந்துவிட்டான். ஆனால் வாராவாரம் ரத்தம் எடுக்க வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். டெஸ்டை நிறுத்திவிடலாமா? அப்புறம், நான்கு நாளாக அவனுக்கு மலம் போகவில்லை.
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் அவசரம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கும், முற்றினால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வயிறு உப்பி, வலியோ வாந்தியோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இசப்கோலைக் கரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், ஏற்ற மலமிளக்கியை டாக்டர் எழுதித் தருவார். ரத்தத்துக்காவது லேப் ரிப்போர்ட் வருகிறது, வயிற்றுக்கு வீட்டில் இருப்பவர் கேட்டால்தான் உண்டு. மலம் போனதா என்று வெட்கப்படாமல் தினமும் கேளுங்கள்.

சரி, ரத்த டெஸ்ட். நிறுத்தக் கூடாது. 1975-ல் பின்லாந்தில் இந்த மருந்தால் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து சிலர் இறந்துபோனார்கள், பல நாடுகள் மருந்தையே ஒதுக்கிவைத்தன. வேறெதற்கும் கேட்காதவர்களுக்கு இது கேட்கிறது என்று 1988-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிய பிறகு, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அங்கே அனுமதித்தார்கள். ஆபத்து அதிகம் முதல் 18 வாரங்களில்தான். உங்கள் தம்பி இன்னும் அதற்குள்தான் இருக்கிறார். அது தாண்டினால் டெஸ்டுக்கு இடைவெளி கூடும், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் சொல்வார். இன்னும் சில வாரம்தான் இந்த வாராந்திரத் தொல்லை என்று காலண்டரில் குறித்துக் காட்டுங்கள், பலர் அதற்கு இறங்கி வருவார்கள். ரத்த டெஸ்ட் முடிவைப் பதிந்தால்தான் இந்த மருந்து என்ற கட்டாயப் பதிவு முறையை 2025-ல் அமெரிக்கா எடுத்துவிட்டதே என்று யாராவது செய்தியை அனுப்பினால், அங்கேயும் டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடுவில் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் பாராசிட்டமால் போட்டுச் சமாளிக்காமல், அன்றைக்கே ரத்த அணு எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிதான். எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் டாக்டர் சொல்லும் இடைவெளியில்.

பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடட்டும். இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனாலும் பழைய அளவிலேயே தொடங்காமல் டாக்டரைக் கேளுங்கள், மறுபடி சிறிய அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டியிருக்கும்.