முகாம் வேனுக்கு எந்த பேட்டரி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஈசூன் வாசகர்: வேனில் இருக்கும் பேட்டரியைப் போலவே இன்னொன்றை வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை; சில நொடிகள் பெரும் மின்னோட்டத்தைத் தந்துவிட்டு உடனே மீண்டும் நிரம்புவதற்காகச் செய்யப்பட்டவை. இரவு முழுதும் குளிர்பெட்டியை ஓட்டி அதை அடிக்கடி வெறுமையாக்கினால் விரைவில் பழுதாகிவிடும். தடித்த தகடுகள் கொண்ட, மெல்ல மெல்ல நெடுநேரம் மின்சாரம் தரும் டீப் சைக்கிள் பேட்டரிதான் அவ்வேலைக்கு உரியது.

பொங்கோல் வாசகர்: 45 வாட் குளிர்பெட்டி, விளக்குகள், ஒரு சிறு மின்விசிறி. மெர்சிங் கடற்கரையில் இரண்டு நாள் நிற்க எவ்வளவு வேண்டும்?

12 வோல்ட்டில் குளிர்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். நம் வெப்பத்தில் அது பாதி நேரமாவது ஓடும் என்று கொண்டால் நாளுக்கு 45 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). விளக்குக்கும் விசிறிக்கும் இன்னும் 10. இரண்டு நாளுக்கு 110. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் அதில் 220 வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரை எடுக்கலாம் என்பதால் 140 போதும்.

தெம்பனிஸ் வாசகர்: ஏஜிஎம் (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய பேட்டரி) விலை குறைவாக இருக்கும்போது லித்தியத்துக்குக் கூடுதல் பணம் தருவது தகுமா?

திரும்பி வந்ததும் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள், ஏனெனில் விடை அதில்தான் இருக்கிறது. தரைவீட்டில் இருப்பவர் அன்றிரவே சார்ஜரைச் செருகிவிடலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருப்பவர் கார்ப்பேட்டைக்கு மின்கம்பி இழுக்க முடியாது. கூரையுள்ள தளத்தில் சூரியத்தகடும் பயன்படாது. ஏஜிஎம்மும் ஈய பேட்டரிதான். அரைகுறையாக நிரம்பிய நிலையில் அது வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டோ பாதி நிரம்பிய நிலையில் கிடப்பதையே விரும்பும். ஆகவே அடுக்குமாடிவாசிகள் பலருக்கு ஏஜிஎம்மின் மலிவு விலை ஏமாற்றத்தில் முடியும் என்பதே என் உறுதியான கருத்து. லித்தியத்தின் எடையும் ஏஜிஎம்மில் ஏறத்தாழப் பாதிதான். எதை வாங்கினாலும் வெயில் காயும் மேல்தளத்தைத் தவிருங்கள்: வெப்பம் 10 பாகை கூடும்போது ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் நெடுங்காலக் கணக்கு.

ஜூரோங் வாசகர்: 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம்மில் 500 வாட் சோறு குக்கர் ஓடுமா?

ஓடும், ஆனால் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 45 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெட்டியில் அச்சிட்ட 100 என்பது பொதுவாக 5 ஆம்பியர் வீதம் 20 மணிநேரத்தில் எடுக்கும் அளவு. வேகமாக எடுத்தால் கிடைப்பது குறையும். சமையலுக்கு எரிவாயு அடுப்பே மேல்.

உட்லண்ட்ஸ் வாசகர்: பழைய ஏஜிஎம்முடன் புதியதை இணைக்கலாமா?

வேண்டாம். பழையது புதியதையும் தன்னோடு கீழே இழுக்கும்.

செங்காங் வாசகர்: லித்தியத்தை ஆல்டர்நேட்டருடன் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) நேராக இணைத்துவிடலாம் என்கிறார் நண்பர்.

லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால், ஆல்டர்நேட்டர் தரக்கூடிய மின்னோட்டம் முழுவதையும் அது தொடர்ந்து உறிஞ்ச, ஆல்டர்நேட்டர் சூடேறிக் கருகக்கூடும். இடையே மின்னோட்டத்தை ஓர் அளவுக்குள் வைக்கும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனைக்கும் மிக அருகில், கம்பியின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் போடுங்கள்.