தாழ்ந்த பல்லை அராவும் முன் முரசைப் பாருங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எனக்கு 41 வயது. கீழ் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மேலே நடுப்பற்கள் இரண்டில் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துவிட்டது போல் தெரிகிறது. கம்பி போட்டால் பல்லை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பது விளங்குகிறது. மேலே ஏற்ற முடியுமா? இந்த வயதில் எலும்பு இறுகியிருக்குமே? தாழ்ந்த பல்லை அராவிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்கிறார் அக்கா.”

அக்காவின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அராவிய பல் திரும்ப வளராது.

கண்ணாடி முன் நின்று மேலுதட்டை உயர்த்துங்கள். எல்லோரும் பல்லின் நுனியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பல்லும் முரசும் (ஈறும்) சேரும் விளிம்பைப் பாருங்கள். தாழ்ந்த பல்லை அதன் சோடிப் பல்லோடுதான் ஒப்பிட வேண்டும். நடுப்பல்லுக்கு அடுத்த பல் இயல்பாகவே சற்றுக் குட்டை, அதனோடு ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்கள் பலர். முரசின் விளிம்பும் பல்லோடு சேர்ந்து கீழே வந்திருந்தால், பல் உண்மையாகவே இறங்கியிருக்கிறது. கம்பி அதை ஏற்றும், முரசும் கூடவே ஏறும். முரசு இரண்டு பற்களிலும் ஒரே மட்டத்தில் இருந்து நுனி மட்டும் வேறுபட்டால், பெரும்பாலும் குறை மற்றப் பல்லில்தான்: அது தேய்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். அதை நிரப்பி நீட்டினால் போதும், கம்பியே தேவைப்படாமல் போகலாம். மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைப்பது. முரசு மேலே ஏறி, வேரின் மஞ்சள் நிறம் தெரிகிறது. பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது. விரலால் தொட்டால் பல் இலேசாக ஆடுகிறது. இது முரசு நோய். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு குறைந்ததால் பல் இடம்பெயர்ந்திருக்கிறது.

“கொஞ்சம் கொஞ்சமாக” என்று நீங்கள் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறு வயதிலிருந்தே கோணலான பல் வேறு, நாற்பதில் கோணலாகத் தொடங்கிய பல் வேறு. பல் தெரியச் சிரித்த பழைய கலியாணப் படம் ஒன்று இருந்தால் வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். எந்த எக்ஸ்ரேயும் சொல்லாத வரலாற்றை அது சொல்லும். கீழ் முன்பற்கள் வயதோடு நெருங்குவது மட்டும் பலருக்கும் நடப்பதுதான்.

எலும்பு இறுகிவிட்டது என்பது பாதிதான் உண்மை. தாடை வளர்ச்சி நின்றுவிட்டது. ஆகவே மேல் தாடையும் கீழ்த் தாடையும் அளவில் பொருந்தாதவர்களுக்குக் கம்பி மட்டும் போதாது, சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். ஆனால் எலும்பு உயிரோடுதான் இருக்கிறது. கை முறிந்தால் இந்த வயதிலும் பொருந்துகிறதல்லவா? வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் அகலத்தில் நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல்லைத் தள்ளும்போது நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் கலங்களும், இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் கலங்களும் வேலை தொடங்கும். வள்ளம் கட்டும் முளையை ஈர மணலில் அசைத்தால் அது மெல்ல இடம் மாறுமே, அதுபோல. மணல் உடனே விலகும். எலும்புக்கு நாள் வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். “இன்னும் இறுக்கிவிடுங்கள், கெதியாக முடியட்டும்” என்று கேட்பவர்கள் உண்டு. அளவுக்கு மீறி நசுக்கினால் அங்கே இரத்த ஓட்டம் நின்று கலங்கள் இறந்து, பல் சிறிது காலம் அசையாமல் நின்றுவிடும்.

இனி, மேலே ஏற்றுவது. ஒவ்வொரு பல்லிலும் குறிப்பிட்ட உயரத்தில் ஒரு பிராக்கெட், அதாவது கம்பியை மாட்டும் சிறு பிடி, ஒட்டப்படுகிறது. முதல் கம்பி நிக்கலும் டைட்டேனியமும் கலந்த மெல்லிய உலோகம். வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். பிராக்கெட்டுகள் மேடும் பள்ளமுமாக நிற்பதால் அவற்றில் மாட்டும்போது கம்பி வளைகிறது. பிறகு நிமிரும்போது தாழ்ந்த பல்லை மேலே தள்ளுகிறது. (இவற்றில் ஒரு வகை வாயின் சூட்டில் விறைக்கும், ஐஸ் தண்ணீர் குடித்தால் சற்று நேரம் தளரும்.)

கம்பி ஒரு பல்லை மேலே தள்ளினால் பக்கத்துப் பற்களைக் கீழே இழுக்கவும் செய்யும். பல்லை வெளியே இழுப்பது எளிது, உள்ளே ஏற்றுவது கடினம், ஏனென்றால் விசை முழுவதும் சிறிய வேர்நுனியில் போய் விழுகிறது. சும்மா விட்டால் கம்பி எளிய வழியைத்தான் பிடிக்கும்: உங்கள் தாழ்ந்த பல் ஏறுவதற்குப் பதிலாக மற்றவை இறங்கிவந்து மட்டமாகிவிடும். படத்தில் அழகாகத்தான் இருக்கும், சிரித்தால் முரசு கூடுதலாகத் தெரியும். அதனால் கடைவாய்ப்பற்களையோ எலும்பில் பூட்டும் சிறு திருகாணியையோ ஊன்றுகோலாக வைத்து, முன்பல்லுக்கு 10 முதல் 20 கிராம் அளவு விசை மட்டும் கொடுக்கிறோம். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரின் பாரம், அவ்வளவுதான். கூடினால் வேர்நுனி கரைந்து குட்டையாகலாம். “தாழ்ந்த பல்லை ஏற்றப்போகிறீர்களா, மற்றவற்றை இறக்கப்போகிறீர்களா?” என்று உங்கள் வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறொருவரிடமும் காட்டுங்கள்.

கீழ்ப்பற்களுக்கு இடம் வேண்டும். பற்களின் பக்கங்களை மயிரிழையளவு உரசியோ, சிலருக்கு ஒரு பல்லைக் கழற்றியோ இடம் எடுக்கலாம். வெறுமனே முன்னே தள்ளினால் அங்குள்ள மெல்லிய எலும்பைத் தாண்டி வேர் வெளியே வந்துவிடக்கூடும், முரசு இறங்கலாம். நெருக்கம் அவிழ்ந்ததும் பற்களுக்கு இடையில் முரசுக்கு அருகே சிறிய கறுப்பு முக்கோண இடைவெளிகள் தெரியக்கூடும். வளர்ந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது.

முரசு நோய் இருந்தால் முதலில் பற்காறை நீக்கி, இரத்தக்கசிவு நின்ற பிறகுதான் கம்பி. நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். வயது உங்களைத் தடுக்காது, நோயுள்ள முரசு தடுக்கும்.

மட்டமாக்கும் கட்டம் ஐந்தாறு மாதம், முழுச் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வர வேண்டும். மூதூர், கிண்ணியா போன்ற தூர ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு நான் மெழுகுத் துண்டு இரண்டைக் கூடுதலாகக் கொடுத்துவிடுவேன். கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் மெழுகை உருட்டி அதன்மேல் ஒட்டிவிட்டு அடுத்த நாள் வரலாம். நோவு மறுநாள் உச்சமாக இருந்து ஒரு வாரத்துக்குள் தணியும். முறுக்கு, பாக்கு, நண்டுக்காலைக் கடித்து உடைப்பது மூன்றும் வேண்டாம். நண்டை வேறு யாராவது உடைத்துத் தரட்டும்.

கம்பி கழற்றிய பின் கீழ்ப்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிடுவோம், மேலே இரவில் போட ஒரு பிளாஸ்டிக் உறை தருவோம். முரசின் நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை எடுக்கும். அதன் பிறகும் இரவில் போடுவதே நல்லது. அந்த உறையைச் சுடுதண்ணீரில் கழுவாதீர்கள், வளைந்துபோகும்.