வேலையோடு மூன்று அறிவியல் பாடங்கள் வேண்டாம்

முழுநேர வேலையில் இருந்துகொண்டே, அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் சேரத் தேவையான பொது வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றையும் ஒரே செமஸ்டரில் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சகோதரி. மூன்றுக்கும் ஆய்வகம் உண்டு. மாலை நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான ஏஎம்சிஏஎஸ் விண்ணப்பத்தில், ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய கிரேடு அழியாது. இரண்டும் சராசரியில் சேரும். அதனால் முதல் முறையே நன்றாக முடிப்பதுதான் முக்கியம்.

வேதியியலை உடனே தொடங்குங்கள். அது முடிந்தால்தான் கரிம வேதியியல், அப்புறம் உயிர்வேதியியல். மொத்தம் எத்தனை வருடம் ஆகும் என்பதை இந்த வரிசைதான் தீர்மானிக்கும். இயற்பியல் காத்திருக்கட்டும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கு முன் உயிர்வேதியியலை முடித்துவிடுங்கள். கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரிகளில் எடுத்த பாடங்களைச் சில மருத்துவக் கல்லூரிகள் விரும்புவதில்லை. பணம் கட்டும் முன் விசாரியுங்கள்.