உள்ளேயே சமைத்துத் தூங்க வசதி கட்டிய பழைய கேம்பர் வேனின் விசித்திரமான அமைப்புகளோடு காலம் தள்ள முடியுமா? இல்லை, எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டுமா?

முடியும். ஒரு வருடமாவது எதையும் பிரிக்காமல் ஓட்டிப் பாருங்கள். சித்திரை வெயில், ஆடிக்காற்று, ஐப்பசி மழை மூன்றையும் அந்த வண்டியோடு பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி ஒரே பக்கம் இருக்கிறது, கேஸ் சிலிண்டர் வைக்கும் அலமாரியின் அடியில் ஓட்டை இருக்கிறது, கூரை ஜன்னல் பின்பக்கமாகத் திறக்கிறது என்று அடுக்கிவிட்டு, "கட்டியவருக்கு அறிவே இல்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் சொல்லும் மூன்றும் எங்கள் வண்டியிலும் உண்டு. அநேகமாக உங்களுடையதும் கரூரில் பாடி கட்டிய டெம்போ டிராவலராகத்தான் இருக்கும்.

எங்களுடையது சித்தப்பா ஓய்வு பெற்றதும் வாங்கியது, இப்போது என்னிடம் இருக்கிறது. டிராவலர் என்பது ஜெர்மனியில் 1977-ல் வந்த மெர்சிடிஸ் டி1 வேனின் வடிவம். இங்கே பஜாஜ் டெம்போ 1987-ல் கொண்டுவந்தது, அந்த நிறுவனம்தான் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. மூக்கு குட்டையாக இருப்பதால் இன்ஜினில் ஒரு பகுதி கேபினுக்குள் இருக்கும், டிரைவருக்குப் பக்கத்தில் பானட் மேடு மாதிரி நிற்கும். பழைய டீசல் என்பதால் குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதெல்லாம் பழகிவிடும், விடுங்கள். உள்ளே கட்டிய வேலைக்கு வருகிறேன்.

முதலில் தொட்டி. எங்கள் வண்டியில் இடதுபக்கம் நூறு லிட்டர் தொட்டி, அதாவது நிரப்பினால் நூறு கிலோ. "இத்தனை கனத்தையும் ஒரே பக்கமா வைப்பாங்களா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். வலதுபக்கம் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இரண்டு இருக்கும். அவையும் சேர்ந்தால் நூறு கிலோவுக்குக் குறையாது. அந்தக் கனத்துக்கு ஈடாகத்தான் மேஸ்திரி தொட்டியை எதிர்ப்பக்கம் வைத்திருக்கிறார். தொட்டி காலியானால்தான் வண்டி வலதுபக்கம் சாயும், அதனால் மலை ஏறும் முன் நிரப்பிக்கொள்கிறோம். நம் ரோடு மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரத்தில் சரிந்திருக்கும், அங்கே நிறுத்தித் தூங்கும்போது மட்டும் இடது சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுப்போம்.

கூரை ஜன்னலின் கீல் முன்பக்கம் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஓடும்போது கொக்கி விட்டுப்போனாலும் எதிர்க்காற்று கதவை அமுக்கத்தான் செய்யும். கீல் பின்பக்கம் இருந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலை பக்கம் போய்ப் பாருங்கள், உயரமான வண்டியை அது தள்ளுவது ஸ்டியரிங்கில் தெரியும். நாங்கள் அங்கே ராத்திரி தங்கினால் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்குவோம்.

இப்போது அந்த ஓட்டை. தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள். என் மச்சான் புழுதி வருகிறது, எலி வருகிறது என்று தகரம் வைத்து ரிவெட் அடிக்கவே கிளம்பிவிட்டார். சித்தப்பா விடவில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். அது வெளியே போகத்தான் அந்த ஓட்டை. கம்பி வலை மட்டும் வைத்தோம், எலிப் பிரச்சினை தீர்ந்தது.

அதன் அருமை வால்பாறையிலிருந்து இறங்கிய அன்றைக்குத் தெரிந்தது. ஆழியார் வரைக்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவு, வண்டி குலுங்கிய குலுக்கலில் ரெகுலேட்டர் முனையில் டியூப் கிளிப் தளர்ந்திருக்கிறது. கீழே நிறுத்தி, டீ போடலாம் என்று ரெகுலேட்டரைத் திறந்தேன். தீப்பெட்டியை எடுப்பதற்குள் வெளியே நின்றிருந்த என் மனைவி சத்தம் போட்டார்: "ஏனுங்க, கேஸ் வாசம் அடிக்குதுங்க, அடுப்பப் பத்த வெக்காதீங்க!" உள்ளே இருந்த எனக்கு வாசம் வரவில்லை. வண்டிக்கு அடியில் இறங்கியதால் வெளியே நின்றவருக்கு வந்தது. அந்த ஓட்டை இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. இதை யோசித்துக் கட்டிய மனிதரை அறிவில்லாதவர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

"பழசைப் பிடித்துத் தொங்குகிறார்" என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. கேஸ் டியூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், தேதி பார்த்து மாற்றுகிறோம். பழைய வயரிங்கை முழுக்க எடுத்துவிட்டோம். கூரை ஜன்னல் ரப்பர் பீடிங் புதுசு. சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் அந்த வண்டியே வேண்டாம். புது வண்டிக்குக் காசிருந்தால் தாராளமாக வாங்குங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தகரக் கூரை, கொதிக்கத்தான் செய்யும். சித்தப்பா காலத்தில் கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் ரோட்டில் எங்கே வேண்டுமானாலும் புளியமர நிழலில் நிறுத்தலாம். நாலு வழிச்சாலைக்காக அந்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ரோடு வேண்டாம் என்று யார் சொன்னது? அத்தனை வருட மரங்களை வெட்டிய இடத்தில் நடுவில் அரளிச்செடி வைத்தால் யாருக்கு நிழல் கிடைக்கும்? மதியம் அந்த வழியில் கைக்குழந்தையோடு பைக்கில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்க இடமில்லாமல் மேம்பாலத்துக்கு அடியில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக, எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஆர்சி புத்தகத்தில் வண்டியின் வகை என்னவென்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி நம் இஷ்டத்துக்கு அமைப்பை மாற்ற முடியாது. கட்டிய பட்டறையின் தகடு எங்காவது அடித்திருக்கும், பெரும்பாலும் வாசல் படிக்கு மேலே. அங்கே போய்க் கேளுங்கள். அந்த மேஸ்திரி இருந்தால், ஏன் அப்படிக் கட்டினார் என்று அவரே சொல்வார்.