பச்சைப் பிள்ளைக்குப் பிராந்தியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும், பிள்ளைக்கும் சளி கட்டாது என்று தாய்க்கு ஒரு மூடியும் பிள்ளைக்கு அரைச் சங்கும் பிராந்தி கொடுக்கச் சொல்கிறார்கள் சம்பந்தி வீட்டார். கொடுக்கலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். அரைச் சங்கு என்பதை 5 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பிராந்தியில் சாராயம் 42.8 சதவீதம், அந்த 5 மில்லியில் ஏறத்தாழ 1.7 கிராம் இருக்கும். மூன்று கிலோ பிள்ளையின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு 75 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். வண்டி ஓட்டும் பெரிய ஆளுக்கே சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான்.

“குடுத்ததும் நல்லா உறங்குது” என்பார்கள். அது உறக்கமல்ல, மயக்கம். மயங்கிய பிள்ளை பால் குடிக்காது. சர்க்கரை உண்டாக்கும் வேலையைச் சாராயம் ஈரலில் தடுத்துவிடும். ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம், மூச்சும் தளரலாம். சளியோ அப்படியேதான் இருக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, பிள்ளை துவண்டு கிடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்க்கும் வேண்டாம். ரத்தத்தில் எவ்வளவோ அவ்வளவு தாய்ப்பாலிலும் ஏறும். பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதால் அது சீக்கிரம் இறங்காது; 30 மில்லி குடித்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உடம்பு சூடாவதுபோல் தோன்றுவது தோலுக்கு ரத்தம் பாய்வதால். உண்மையில் உடம்பு சூட்டை இழக்கிறது. அரிஷ்டங்களிலும் புளிப்பேறி உண்டான சாராயம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். பால் கொடுப்பதை வைத்தியரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

கேள்வி: கர்ப்பிணி பதநீர் குடிக்கலாமா?
– வாசகி, திசையன்விளை

பதில்: கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய புதுப் பதநீர் குடிக்கலாம். நுரைத்துப் புளிப்பு வாடை அடித்தால் அது கள்ளாகிவிட்டது, கொட்டிவிடுங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் பையன். நேற்றுப் படித்தது இன்று நினைவில்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டான். செங்கல் சூளையில் வேலை பார்த்த தாய், இவன் வயிற்றிலிருந்தபோது குடித்ததாகப் பாட்டி சொல்கிறார். அடித்தும் பலனில்லை.
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: அடிப்பதை இன்றே நிறுத்துங்கள். நேற்றுச் செய்ததையும் இன்று வாங்கும் தண்டனையையும் கோத்துப் பார்க்கும் திறன்தான், கருவிலேயே சாராயத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அடிபட்டிருக்கும். சாராயம் நஞ்சுக்கொடி வழியே தடையில்லாமல் கருவுக்குள் போகும். கருவின் ஈரலால் அதை அவ்வளவாக முறிக்க முடியாது. இப்படிப் பாதிக்கப்பட்ட சில பிள்ளைகளுக்கு மூக்குக்குக் கீழே மேலுதட்டுப் பள்ளம் மழுங்கி, மேலுதடு மெலிந்து, கண் திறப்பு குறுகியிருக்கும் முகத்தை 1973-ல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த முகம் இருக்காது. முகம் அமைவது கருவின் தொடக்க வாரங்களில். மூளையோ பத்து மாதமும் வளர்கிறது.

ஒரு ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இதை உறுதிசெய்ய முடியாது. காது, கண், ரத்தச்சோகை மூன்றையும் முதலில் பாருங்கள். இவையும் இப்படித்தான் காட்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லி, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதி வாங்குங்கள்.

வகுப்பில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். “நோட்டை எடு” என்று சொல்லி, எடுத்த பிறகு அடுத்தது. சன்னலோரம் வேண்டாம், முன்வரிசையில் தினமும் ஒரே இடம். அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டுங்கள். பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு. அதே நான்கை மறுநாளும் கொடுங்கள். கணக்கும் காசும் நேரமும் இவனுக்குக் கடைசிவரை கடினமாகவே இருக்கலாம். அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். தாயைக் குற்றவாளியாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் மருத்துவரிடம் அவர் உண்மையைச் சொல்லமாட்டார்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி, பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார். பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?
– வாசகி, ஆலங்குளம்

பதில்: அவர் குடிப்பது வயிற்றிலிருக்கும் பிள்ளையின் ரத்தத்தில் கலக்காது. உங்கள் கையிலிருக்கும் புகையிலைத் தூளின் நிகோடின் கலக்கும். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறி, நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தத்தைக் குறைக்கும்; பிள்ளை எடை குறையலாம். பிரசவம்வரை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாவிட்டால் காற்றோட்டமான திண்ணையில் சுற்றுங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பிறந்த பிறகு, சேலை மாற்றாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். தூளிருக்கும் சுளகுப் பக்கம் பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள்.

இனி அவர். ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் சாராயம் இருக்கிறது. இரவெல்லாம் சண்டைச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளை பயந்தபடியே இருக்கும். உறக்கமும் பேச்சும் படிப்பும் பின்தங்கும். ஆனால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். காலையில் கை நடுங்கி வியர்ப்பவர் என்றால், நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு மனக்குழப்பமும் வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரை கொடுத்து, அதைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 கொடுத்து நிறுத்துவார்கள். குடியை நிறுத்தவென்று தரும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கவே கலக்காதீர்கள். அதைத் தின்றுவிட்டுக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். முதலில் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 14416; அடி விழுந்தால் பெண்கள் உதவி எண் 181.