பெட் பாட்டில் பேலில் கம்பி அறுகிறதா? முனையைப் பாருங்கள்

மாதவரத்தில் பழைய பேப்பர், பிளாஸ்டிக் குடோன் நடத்தும் வாசகர் கேட்கிறார்: “வெர்டிகல் பேலிங் மெஷினில் (சரக்கை மேலிருந்து அழுத்திப் பேலாக, அதாவது பெரிய கட்டாக ஆக்கும் மெஷின்) 12 கேஜ் கருப்புக் கம்பி போட்டு, கையால் முறுக்கிக் கட்டுகிறோம். அட்டை பேல் நன்றாக நிற்கிறது. பெட் பாட்டில் பேலில் மட்டும் கதவைத் திறந்ததும் ஒன்றிரண்டு கம்பி அறுந்துவிடுகிறது. 10 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்) போடவா, ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பிக்கு மாறவா?”

முதலில் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பென்சில் சீவியதுபோல மெலிந்திருந்தால், கம்பிக்குச் சுமை அதிகம். முறுக்கை ஒட்டி மொட்டையாக முறிந்திருந்தால், முறுக்கு கூடிப்போயிருக்கிறது, அல்லது கம்பி சரியாகப் பதமாகாத விறைப்புக் கம்பி. நசுங்கின தழும்பு தெரிந்தால் மெஷினில் கம்பி ஓடும் பள்ளத்தில் பிசிர் இருக்கிறது. அதை அரம் போட்டுத் தேய்க்காமல் எந்தக் கம்பி வாங்கினாலும் அறுக்கும்.

உங்கள் விஷயத்தில் சுமைதான் காரணம் என்று நினைக்கிறேன். அட்டை அமுங்கினால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். பெட் பாட்டில் விரியப் பார்க்கும். மூடியோடு இருந்தால் உள்ளே காற்று வேறு. மூடியைக் கழற்றிப் போடச் சொல்லுங்கள், அல்லது பாட்டிலில் ஓட்டை போடுங்கள். அழுத்தின பிறகு உடனே கட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வையுங்கள். கம்பிக்குக் காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

அப்புறமும் அறுந்தால் 10 கேஜ் சரிதான். 12 கேஜ் 2.64 மி.மீ., 10 கேஜ் 3.25 மி.மீ.; இரும்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பலமும் அப்படியே. ஆனால் கம்பியைக் கிலோ கணக்கில்தானே வாங்குகிறீர்கள், மீட்டருக்கு ஆகும் செலவும் ஒன்றரை மடங்கு ஏறும். கையால் முறுக்குகிறவருக்கும் சிரமம். மெஷினில் பள்ளம் காலியாக இருந்தால், 12 கேஜிலேயே இன்னொரு வரி கூட்டிக் கட்டுவது எனக்குப் பிடித்த வழி.

ஜிஐ கம்பியின் துத்தநாகப் பூச்சு துருவைத் தடுக்கத்தான், பலத்துக்கு அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேல் வெளியே கிடக்கும் என்றால் வாங்குங்கள். வேலிக்கு விற்கும் விறைப்பான ஜிஐ மட்டும் வேண்டாம், முறுக்கினால் ஒடியும்.

பாரிமுனையில் வாங்கும்போது கேஜ் எண்ணோடு நிறுத்தாமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். மேலே சொன்னது பிரிட்டிஷ் கேஜ். அமெரிக்க ஏடபிள்யூஜி கணக்கில் அதே 12 வெறும் 2.05 மி.மீ. வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.